குழந்தைக்கு ஹார்ட் ஆபரேஷனுக்கு அப்புறம் வர்ற ரத்த ரிப்போர்ட்: எதை எப்போ பாக்கணும், யார்கிட்ட என்ன கேக்கணும்

என் பொண்ணுக்கு எட்டு மாசத்துல டிஓஎஃப்னு, பிறவியிலேயே வர்ற ஒரு ஹார்ட் குறைக்கு ரிப்பேர் ஆபரேஷன் பண்ணாங்க. நல்லபடியா முடிஞ்சுதுன்னு சர்ஜன் வந்து சொல்லிட்டுப் போனாரு, நாங்களும் மூச்சு விட்டோம், ஆனா அன்னைக்கு ராத்திரி ஐசியு வாசல்ல ஒரு ரிப்போர்ட் கைக்கு வந்துச்சு, அதுல ட்ரோபோனின்னு ஒரு வரி, பக்கத்துல சிவப்பு அம்புக்குறி, நார்மலைவிட எத்தனையோ மடங்கு. போன்ல தேடினா வந்தது எல்லாம் பெரியவங்களுக்கு வர்ற ஹார்ட் அட்டாக் பத்திதான். விடிய விடிய அழுதேன். காலையில ரவுண்ட்ஸ் வந்த டாக்டர், "ட்ரோபோனின் எதிர்பார்த்ததுதாம்மா, ராத்திரி பூரா நாங்க பாத்துக்கிட்டு இருந்தது லாக்டேட், அது இப்ப இறங்கிடுச்சு"ன்னாரு. அந்த லாக்டேட் அதே பேப்பர்ல மூணாவது வரியில இருந்துச்சு, நான் கவனிக்கவே இல்ல.

அதுக்கப்புறம் ரெண்டு வாரம் ஒவ்வொரு டாக்டரா, நர்ஸா, லேப்ல இருக்கறவங்களா கேட்டுக் கேட்டுத்தான் இதெல்லாம் புரிஞ்சுது. நான் டாக்டர் இல்ல. உங்க குழந்தைக்கு மருந்து, முடிவு எல்லாம் உங்க டீம்தான். அவங்க சொல்றது உங்களுக்குப் புரியணும், சரியான கேள்வியை சரியான நேரத்துல கேக்கணும், அதுக்குத்தான் இதை எழுதறேன்.

முதல்லயே ஒண்ணு. இந்த ரத்த டெஸ்ட்டுகளை வெச்சு குழந்தை எப்படித் தேறும்னு முன்கூட்டியே சொல்லலாம்னு படிச்சிருப்பீங்க. நூத்துக்கணக்கான குழந்தைகளைச் சேத்துப் பாக்கும்போது அது உண்மைதான். உங்க ஒரு குழந்தைக்கு, ஒரு நேரத்துல எடுத்த ஒரு நம்பரை வெச்சு யாராலயும் அப்படி சொல்ல முடியாது. அந்த நம்பர் போன தடவையைவிட ஏறுதா இறங்குதான்னு பாத்தாதான் விஷயம் தெரியும்.

1. ஆபரேஷனுக்கு முன்னாடி எடுத்த ரிப்போர்ட்டை கையில வாங்கி வைங்க

இதைத்தான் நிறைய பேர் விட்டுடறாங்க, நானும் விட்டேன். ஆபரேஷனுக்கு முன்னாடி எடுக்கற டெஸ்ட் எல்லாம் சும்மா ஃபார்மாலிட்டின்னு நினைக்காதீங்க. அப்புறம் வர்ற ஒவ்வொரு நம்பரையும் எதோட ஒப்பிடறதுன்னா இதோடதான். பேஸ்லைன்னு சொல்லுவாங்க.

கண்டிப்பா கையில இருக்க வேண்டியது: கிரியாட்டினின் (கிட்னி டெஸ்ட்), ரத்த அணுக்கள் கவுன்ட், சிஆர்பி (உடம்புல அழற்சியோ இன்ஃபெக்‌ஷனோ இருந்தா ஏறறது), ரத்தம் உறையற டெஸ்ட், ஆல்புமின், கல்லீரல் டெஸ்ட். உங்க டாக்டர் எழுதியிருந்தா என்டி-ப்ரோபிஎன்பியும் (ஹார்ட் எவ்வளவு திணறுதுன்னு காட்டற டெஸ்ட்). பொதுவா ஆபரேஷனுக்கு முந்தின சில நாள்ல எடுப்பாங்க. ரத்தம் ஏத்தறதுக்கான கிராஸ்மேட்ச் சாம்பிள் பல இடங்கள்ல 3 நாளைக்குத்தான் செல்லும், அதனால தேதி தள்ளிப்போனா திரும்ப ஊசி போடுவாங்க, அதுக்கு யார் மேலயும் கோவப்பட வேண்டாம்.

இங்க இருக்கற குழிகள்:

கேத் (ரத்தக்குழாய் வழியா டியூப் விட்டு ஹார்ட்டைப் பாக்கறது) பண்ணியோ, டை குடுத்து சிடி எடுத்தோ ரெண்டு மூணு நாள்ல ஆபரேஷன்னா, அந்த டை கிட்னியைக் கொஞ்சம் பாதிக்கலாம். டைக்கு முன்னாடி எடுத்த கிரியாட்டினின் ஒண்ணு, ஆபரேஷனுக்கு முன்னாடி ஒண்ணு, ரெண்டும் இருக்கான்னு கேளுங்க.

பிறந்து சில நாளே ஆன குழந்தைன்னா, அதோட கிரியாட்டினின் முதல்ல அம்மாவோட அளவைத்தான் காட்டும், போகப்போகத்தான் இறங்கும். அதை பேஸ்லைனா வெச்சா தப்பாயிடும், இதை டீம்ல இருக்கறவங்களுக்கு சொல்லித் தர வேண்டியதில்ல, ஆனா நீங்க பேப்பரைப் பாத்துட்டு பயப்படாம இருக்கத் தெரிஞ்சிருக்கணும்.

நீலம் பாயற குழந்தைகளுக்கு ரத்தம் கெட்டியா இருக்கும். ஹீமட்டோக்ரிட் (ரத்தத்துல சிவப்பணு எத்தனை பங்குன்னு காட்டற நம்பர்) 55 சதவீதத்துக்கு மேல போனா, ரத்தம் உறையற டெஸ்ட்டுக்கான டியூப்ல ரத்தம் உறையாம இருக்கப் போட்டிருக்கற சிட்ரேட்டோட அளவு அதுக்கு ஏத்த மாதிரி குறைக்கணும், இல்லன்னா உறையற நேரம் பொய்யா நீளமா காட்டும். வெளி லேப்ல எடுக்கறீங்கன்னா குழந்தைக்கு இப்படி இருக்குன்னு சாம்பிள் குடுக்கும்போதே வாய் திறந்து சொல்லுங்க.

பயோட்டின்ங்கற வைட்டமின். குழந்தைக்கு வைட்டமின் சொட்டு மருந்தோ, மெட்டபாலிக் பிரச்சனைக்கு அதிக டோஸ் பயோட்டினோ குடுத்துக்கிட்டு இருந்தா, சில மெஷின்கள்ல ட்ரோபோனின், என்டி-ப்ரோபிஎன்பி எல்லாம் தப்பா வரும், அதுவும் ட்ரோபோனின் இருக்கறதைவிடக் குறைச்சலா காட்டும். டாக்டர் எழுதின மருந்துன்னா நீங்களா நிறுத்தாதீங்க, டீம்கிட்ட சொல்லுங்க, போதும்.

22க்யூ11 டெலிஷன்னு (22வது குரோமோசோம்ல ஒரு துண்டு இல்லாம இருக்கறது) ஜெனட்டிக் ரிப்போர்ட் வந்திருந்தா அதை ஃபைல்ல முதல் பக்கத்துல வைங்க. அந்தக் குழந்தைகளுக்கு கால்சியம் இறங்கும், ஏத்தற ரத்தத்தையும் கதிர்வீச்சு குடுத்துத்தான் ஏத்துவாங்க. ரிப்போர்ட் வர வேண்டியிருக்குன்னாலும் சொல்லிடுங்க.

2. ஒரு ஃபைல், ஒரு நோட்டு

ஃபைல்ல இருக்க வேண்டியது: பேஸ்லைன் ரிப்போர்ட்டுகள், எக்கோ ரிப்போர்ட், கேத் அல்லது சிடி ரிப்போர்ட், குழந்தையோட இப்போதைய எடை உயரம், குடுத்துக்கிட்டு இருக்கற மருந்தும் அளவும், அலர்ஜி விவரம், கையெழுத்துப் போட்ட கன்சென்ட் ஃபார்ம்களோட நகல். ஆபரேஷன் முடிஞ்சதும் ஆபரேஷன் நோட் வாங்கும்போது அதுல பைபாஸ் டைம், கிளாம்ப் டைம் ரெண்டும் எழுதியிருக்கான்னு பாருங்க. ஹார்ட் லங் மெஷின்ல எவ்வளவு நேரம் இருந்துச்சு, அதுல ஹார்ட்டுக்குப் போற ரத்தத்தை எவ்வளவு நேரம் நிறுத்தி வெச்சாங்கங்கறதுதான் அது. பின்னாடி வர்ற ட்ரோபோனின், லாக்டேட், கிட்னி நம்பர் எல்லாத்தையும் இந்த ரெண்டு டைமோட சேத்துத்தான் படிப்பாங்க.

நோட்டுல அஞ்சு கட்டம் போதும். தேதி நேரம், எந்த டெஸ்ட், நம்பர், யூனிட், அப்போ என்ன நடந்துக்கிட்டு இருந்துச்சு. அந்தக் கடைசி கட்டம் ரொம்ப முக்கியம். "அட்ரினலின் ஆரம்பிச்சாங்க", "ரத்தம் ஏத்தினாங்க", "டியூப் எடுத்தாங்க"ன்னு நாலு வார்த்தை எழுதி வைங்க. நம்பரை மட்டும் எழுதி வெச்சா ரெண்டு நாள் கழிச்சு உங்களுக்கே அது ஒண்ணும் சொல்லாது.

யூனிட்டை விட்டுடாதீங்க, அதுலதான் பாதிப் பேர் பயந்து போறாங்க. லாக்டேட்டை சில இடத்துல மில்லிமோல் கணக்குல தருவாங்க, சில இடத்துல மில்லிகிராம் கணக்குல. ஒரு லிட்டருக்கு 2 மில்லிமோல்னா ஒரு டெசிலிட்டருக்கு 18 மில்லிகிராம், ரெண்டும் ஒண்ணுதான். ட்ரோபோனின் ஒரு மில்லிலிட்டருக்கு இத்தனை நானோகிராம்னு வந்தா ஒரு கணக்கு, ஒரு லிட்டருக்குன்னு வந்தா அதே அளவு ஆயிரம் மடங்கு பெரிய நம்பரா தெரியும்.

3. செலவை முன்னாடியே பேசிடுங்க

ஆபரேஷன் பேக்கேஜ்ல எத்தனை நாள் ஐசியு, எந்தெந்த ரத்த டெஸ்ட் அடக்கம், எது தனி பில்னு எழுத்துல கேளுங்க. லாக்டேட் பெரும்பாலும் ரத்த வாயு டெஸ்ட்டோடவே சேந்து வந்துடும், தனியா காசு இல்ல. கிரியாட்டினின், சிஆர்பி எல்லாம் மலிவு. என்டி-ப்ரோபிஎன்பி, ப்ரோகால்சிடோனின், சிஸ்டட்டின் சி (என்னன்னு பின்னாடி சொல்றேன்) இதெல்லாம் பல மடங்கு கூட. தினமும் ஒண்ணு எடுத்தா பில் ஏறிக்கிட்டே போகும்.

காசு நெருக்கடின்னா வெக்கப்படாம இப்படிக் கேளுங்க: "இந்த டெஸ்ட் ரிசல்ட் எப்படி வந்தா நீங்க ட்ரீட்மென்டை மாத்துவீங்க?" மாத்துவோம்னு சொன்னா எடுத்துதான் ஆகணும். எப்படி வந்தாலும் இப்போதைக்கு இதே மருந்துதான்னு சொன்னா, இன்னொரு நாள் தள்ளலாமான்னு கேக்கறதுல தப்பே இல்ல. இதைக் கேட்டதுக்கு எங்க டீம்ல யாரும் முகம் சுளிக்கல.

இன்சூரன்ஸ் இருக்கறவங்க, டெஸ்ட் எழுதின டாக்டர் சீட்டு, தனித்தனியா பிரிச்சுப் போட்ட பில், ரிப்போர்ட் மூணையும் அன்னன்னைக்கே சேத்து வைங்க. மூணுலயும் குழந்தை பேர் ஒரே எழுத்துல இருக்கணும். பிறந்த குழந்தைக்குப் பேர் வைக்காம இன்னாரோட பேபின்னு பதிவு பண்ணியிருந்தா பின்னாடி பேர் மாறும்போது இதுல சிக்கல் வரும்.

4. முதல் ராத்திரி: லாக்டேட்

எதை மறந்தாலும் இந்தப் பகுதியை மறக்காதீங்க.

உடம்புல எங்கயாவது போதுமான ஆக்சிஜன் போய்ச் சேரலன்னா லாக்டேட் ஏறும். சாதாரணமா 2 மில்லிமோலுக்குள்ள இருக்கும். பைபாஸ்ல இருந்து வர்ற குழந்தைக்கு அதைவிடக் கூடத்தான் இருக்கும், 3, 4ன்னு பாத்ததும் நெஞ்சு அடைக்க வேண்டாம். ஐசியுல முதல்ல ஒண்ணு ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, அப்புறம் இடைவெளி விட்டு எடுப்பாங்க. ரெண்டு மூணு சொட்டு ரத்தம் போதும், சில நிமிஷத்துல ரிசல்ட்.

இன்னொரு விஷயத்தை யாரும் முன்னாடியே சொல்லித் தரல. ஆபரேஷன் முடிஞ்சு வரும்போது இருக்கறதைவிட, ஒரு 6 மணி நேரத்துல இருந்து 18 மணி நேரத்துக்குள்ள ஹார்ட் கொஞ்சம் தளந்து போகும், அப்புறம்தான் தேறும். பைபாஸ் பண்ணின சின்னக் குழந்தைகள்ல இது ரொம்ப சகஜம். மத்தியானம் ஆபரேஷன் முடிஞ்சுதுன்னா நடுராத்திரிதான் அந்த நேரம். சாயங்காலம் நல்லாத்தானே இருந்தா, ராத்திரி என்ன ஆச்சுன்னு நாங்க தவிச்சது இதனாலதான். டீம் இதை எதிர்பார்த்துத்தான் மில்ரினோன் மாதிரி ஹார்ட்டுக்கு பலம் குடுக்கற மருந்தெல்லாம் முன்கூட்டியே ஓடவிடுவாங்க.

நீங்க கவனிக்க வேண்டியது போக்கு. 4ல வந்து 3, 2.4, 1.8ன்னு இறங்கினா நல்ல சேதி. 2.5ல வந்து 3, 4, 5ன்னு ஏறிக்கிட்டே போனா, நம்பர் முதல்ல சின்னதா இருந்தாலும், அதுதான் டீம் ஓடி வர்ற நேரம். எக்கோ பாப்பாங்க, மார்புக்குள்ள ரத்தம் தேங்கியிருக்கான்னு பாப்பாங்க, மருந்தை மாத்துவாங்க.

லாக்டேட் ஏறறதுக்கு வேற காரணங்களும் இருக்கு. அட்ரினலின் ஓடினா அந்த மருந்தே லாக்டேட்டையும் சர்க்கரையையும் ஏத்தும். என் பொண்ணுக்கு 3.1ல இருந்தது அட்ரினலின் ஆரம்பிச்சதும் 4.6க்குப் போச்சு, ஆனா யூரின் நல்லா போச்சு, கை கால் சூடா இருந்துச்சு, பிரஷர் நின்னுச்சு, விடியக்காலம் 2.8, மறுநாள் மத்தியானம் 1.7. கை காலை இறுக்கிப் பிடிச்சு, குழந்தை வீறிட்டு அழும்போது எடுத்த சாம்பிள்லயும் ஏறும். எடுத்த சாம்பிளை உடனே மெஷின்ல போடாம வெச்சிருந்தாலும் ஏறும். அதனால கேக்க வேண்டிய கேள்வி "எவ்வளவு?" மட்டும் இல்ல. "போன தடவையைவிட எப்படி? யூரின் போகுதா? கை கால் சூடா இருக்கா? மருந்து கூட்டினீங்களா குறைச்சீங்களா?" இந்த நாலையும் சேத்துக் கேளுங்க, நர்ஸே பதில் சொல்லிடுவாங்க.

5. ட்ரோபோனின்: சிவப்பு அம்புக்குறி கண்டிப்பா இருக்கும்

ஹார்ட்டோட தசை காயப்பட்டா ட்ரோபோனின் ரத்தத்துல கசியும். ஆபரேஷன்ல ஹார்ட்டை நிறுத்தி, வெட்டி, தைக்கறாங்க, அப்போ கசியாம எப்படி இருக்கும்? எல்லா குழந்தைக்கும் ஏறும். ஏஎஸ்டி (ஹார்ட்டோட மேல் அறைகளுக்கு நடுவுல இருக்கற ஓட்டை) மாதிரி சின்ன ரிப்பேருக்குக் கொஞ்சமா, டிஓஎஃப் மாதிரி கீழ் அறையோட தசையை வெட்ட வேண்டிய ரிப்பேருக்கு நிறைய. ரிப்போர்ட்ல போட்டிருக்கற நார்மல் அளவு பெரியவங்க ஹார்ட் அட்டாக்கைக் கண்டுபிடிக்க வெச்சது, அதை நம்ம குழந்தைக்குப் பொருத்தவே கூடாது.

பொதுவா முதல் நாளுக்குள்ள உச்சத்துக்குப் போய், அப்புறம் நாளாக நாளாக இறங்கும். இறங்கினது திரும்ப ஏறினாலோ, இறங்காம அப்படியே நின்னாலோ கேளுங்க. முக்கியமா ஆர்ட்டீரியல் ஸ்விட்ச் மாதிரி கரோனரி ரத்தக்குழாயை இடம் மாத்தி வைக்கற ஆபரேஷன்ல அதை ரொம்ப கவனமா பாப்பாங்க. நிறைய ஐசியுக்கள்ல ட்ரோபோனினை வழக்கமா எடுக்கறதே இல்ல, உங்க குழந்தைக்கு எடுக்கலன்னா ஏதோ விட்டுட்டாங்கன்னு அர்த்தம் இல்ல.

6. கிட்னி: சிவப்பு இல்லாம வர்ற ஆபத்து இங்கதான்

ரெண்டாவது நாள் கிரியாட்டினின் 0.6ன்னு வந்துச்சு, அம்புக்குறி எதுவும் இல்ல, நார்மல்னே பிரின்ட் ஆகியிருந்துச்சு. நான் சந்தோஷமா வீட்டுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். டாக்டரோ முகம் இறுகிப் போய் யூரின் சார்ட்டைப் பாத்துக்கிட்டு இருந்தாரு. ஏன்னா ஆபரேஷனுக்கு முன்னாடி அவளுக்கு 0.3. அப்போ ரெண்டு மடங்காயிடுச்சு!

சின்னக் குழந்தைக்குத் தசை கம்மி, அதனால கிரியாட்டினினும் கம்மியாத்தான் இருக்கும். பெரியவங்களுக்கு நார்மல்ங்கற நம்பர் அவங்களுக்கு நார்மல் இல்ல. உலகம் பூரா டாக்டர்கள் பாக்கற கேடிஐஜிஓ கணக்கு இதுதான்: 48 மணி நேரத்துக்குள்ள 0.3 மில்லிகிராம் ஏறினாலோ, 7 நாளைக்குள்ள பேஸ்லைனைப் போல ஒன்றரை மடங்கு ஆனாலோ, இல்ல ஒரு கிலோ எடைக்கு ஒரு மணி நேரத்துக்கு அரை மில்லிக்குக் கீழ யூரின் 6 மணி நேரம் தொடந்து போனாலோ, கிட்னிக்கு அடி பட்டிருக்குன்னு எடுத்துக்கணும். யூனிட் மைக்ரோமோல்னா அந்த 0.3ங்கறது 26.5. இப்பப் புரியுதா, பேஸ்லைன் பேப்பரை ஏன் முதல் படியில வெச்சேன்னு?

கிரியாட்டினினோட குறை, அது லேட்டா ஏறும். அடி பட்டு ஒண்ணு ரெண்டு நாள் கழிச்சுத்தான் தெரியும். உடம்புல நீர் சேந்து குழந்தை வீங்கியிருந்தா, ரத்தம் நீர்த்துப் போய் இன்னும் குறைச்சலா காட்டும். இதுக்குத்தான் என்ஜிஏஎல்னு ஒரு டெஸ்ட் வந்திருக்கு. பைபாஸ் முடிஞ்சு சுமார் 2 மணி நேரத்துலயே ஏற ஆரம்பிச்சுடும்னு 2005லயே குழந்தைகளை வெச்சு காட்டியிருக்காங்க. பெரும்பாலும் யூரின்லயே பாக்கறாங்க, ஊசி வேண்டாம். அமெரிக்காவுல 2023 டிசம்பர்ல 3 மாசத்துல இருந்து 21 வயசு வரைக்கும் உள்ளவங்களுக்கு யூரின் என்ஜிஏஎல் டெஸ்ட்டுக்கு அனுமதி குடுத்தாங்க. எல்லா ஆஸ்பத்திரியிலயும் இருக்காது, இல்லன்னா அதுக்காக வெளிய ஓடாதீங்க. இன்ஃபெக்‌ஷன் இருந்தாலும் அது ஏறும். சிஸ்டட்டின் சி-ன்னு இன்னொண்ணு, தசை அளவைப் பொறுத்து மாறாது, அதனால சின்னக் குழந்தைக்கு உதவும், ஆனா ஸ்டீராய்டு குடுத்திருந்தா கூடக் காட்டும்.

கிட்னி தளந்தா மில்ரினோன் மாதிரி கிட்னி வழியா வெளிய போற மருந்து உடம்புல தேங்கும், அதனால டோஸைக் குறைப்பாங்க. மருந்தைக் குறைச்சது குழந்தை தேறிட்டதாலயா, கிட்னிக்காகவான்னு கேட்டுக்கோங்க. இன்னொண்ணு, பச்சைக் குழந்தைகளுக்கு வயித்துல டயாலிசிஸ் டியூப் போட்டு அனுப்பியிருந்தா கிட்னி போயிடுச்சுன்னு நினைக்காதீங்க, பல இடத்துல முன்னெச்சரிக்கையா, சேந்த நீரை வடிக்கறதுக்காகப் போடறது அது. எங்களுக்கு அஞ்சாவது நாள் கிரியாட்டினின் திரும்ப 0.3க்கு வந்துச்சு.

7. என்டி-ப்ரோபிஎன்பி: பேரைச் சரியாப் பாருங்க

ஹார்ட்டோட சுவர் இழுபட்டா, பாரம் தாங்காம திணறினா வர்ற சிக்னல் இது. ஆபரேஷனுக்கு முன்னாடியே ரொம்பக் கூட இருந்த குழந்தைங்களுக்கு, கூட்டமா எடுத்துப் பாத்தா, ஐசியு நாளும் வென்டிலேட்டர் நாளும் நீளுது. ஆபரேஷன் முடிஞ்சதும் முதல் நாள் எல்லாருக்கும் எகிறும், அப்புறம் இறங்கும். வீட்டுக்குப் போன பிறகு வாரக்கணக்குல பாக்கறதுக்குத்தான் இது ரொம்பப் பயன்படுது.

பெரிய குழி: பிஎன்பி வேற, என்டி-ப்ரோபிஎன்பி வேற. ரெண்டும் ஒரே இடத்துல இருந்து உடைஞ்சு வர்ற ரெண்டு துண்டு. பிஎன்பியோட பாதி 20 நிமிஷத்துல ரத்தத்தைவிட்டுப் போயிடும், என்டி-ப்ரோபிஎன்பிக்கு ஒண்ணு ரெண்டு மணி நேரம் ஆகும், அதனால நம்பரும் பல மடங்கு வித்தியாசப்படும். எங்களுக்கு டிஸ்சார்ஜ் ஆனப்போ ஒரு லேப்ல பிஎன்பி 180ன்னு குடுத்தாங்க, பத்து நாள் கழிச்சு வேற லேப்ல என்டி-ப்ரோபிஎன்பி 1900ன்னு வந்துச்சு. பத்து மடங்கு ஏறிடுச்சுன்னு குழந்தையைத் தூக்கிக்கிட்டு எமர்ஜென்சிக்கு ஓடினோம். எக்கோவுல எல்லாம் சரியா இருந்துச்சு. ஒரே டெஸ்ட், ஒரே லேப், முடிஞ்சா ஒரே மெஷின், இதை விட்டுக்குடுக்காதீங்க.

வயசும் முக்கியம். பிறந்து முதல் சில நாள்ல ஆரோக்கியமான குழந்தைக்கே என்டி-ப்ரோபிஎன்பி ஆயிரக்கணக்குல இருக்கும், அப்புறம் மளமளன்னு இறங்கும். கிட்னி தளந்தாலும் ஏறும். சாக்குபிட்ரில் கலந்த ஹார்ட் மருந்து குடுத்தா பிஎன்பியை நம்ப முடியாது, என்டி-ப்ரோபிஎன்பிதான் பாக்கணும்.

8. சிஆர்பி, ப்ரோகால்சிடோனின்

சிஆர்பி ஆபரேஷனாலயே ஏறும், ரெண்டாவது மூணாவது நாள் உச்சம். அதை வெச்சு இன்ஃபெக்‌ஷன்னு முடிவு பண்ண முடியாது. இறங்க ஆரம்பிச்சு திரும்ப ஏறினா, கூடவே காய்ச்சல், காயத்துல சிவப்பு, பால் குடிக்க மறுக்கறதுன்னு இருந்தா அப்போ விஷயம் வேற. இன்ஃபெக்‌ஷனுக்காகப் பாக்கற ப்ரோகால்சிடோனினும் பைபாஸுக்கு அப்புறம் ஏறும், ஒரு நாள்ல உச்சத்துக்குப் போய் அதைவிட வேகமா இறங்கும், அதனாலதான் சந்தேகம் வந்தா இதை எடுக்கறாங்க. வெள்ளை அணு கூடினதுக்கு பைபாஸ்ல குடுத்த ஸ்டீராய்டுகூட காரணமா இருக்கும்.

9. எவ்வளவு ரத்தம் எடுக்கறாங்கன்னு கேக்கலாம்

3 கிலோ குழந்தைக்கு உடம்புல மொத்தமே சுமார் 250 மில்லி ரத்தம்தான். தடவைக்கு 1 மில்லின்னு 20 தடவை எடுத்தா 20 மில்லி, பன்னெண்டுல ஒரு பங்குக்குப் பக்கத்துல. அதனால சின்ன டியூப்ல எடுக்கறீங்களா, லைன்ல (ரத்தக்குழாய்ல போட்டிருக்கற சின்ன டியூப்) இருந்து முதல்ல இழுக்கற ரத்தத்தைத் திரும்பக் குழந்தைக்கே விடறீங்களா, ரெண்டு மூணு டெஸ்ட்டை ஒரே தடவையில சேத்து எடுக்க முடியுமான்னு பணிவா கேளுங்க. லைன் எடுத்த பிறகு குதிகால்ல குத்திப் பிழிஞ்சு எடுத்தா ரத்த அணு உடைஞ்சு பொட்டாசியம் பொய்யா கூடக் காட்டும், திடீர்னு பொட்டாசியம் கூடன்னு சொன்னா திரும்ப எடுத்துப் பாப்பாங்க. ரத்தம் உறையாம இருக்க ஹெப்பரின் போற லைன்ல எடுத்தா ரத்தம் உறையற டெஸ்ட்டும் கெடும்.

10. ரிசர்ச் கன்சென்ட் ஃபார்ம் நீட்டினா

ஆபரேஷனுக்கு முந்தின நாள், தலை சுத்திக்கிட்டு இருக்கும்போது இந்த ஃபார்ம் வரும். எஸ்டி2, கேலக்டின்-3, மூளைக்கான ஜிஎஃப்ஏபின்னு பேர் இருக்கும். இதெல்லாம் யார் திரும்ப அட்மிட் ஆவாங்க, யாருக்கு மூளையில பாதிப்பு வரும்னு முன்கூட்டியே கண்டுபிடிக்க ஆராய்ச்சி நடக்கற மார்க்கர்கள், இன்னும் தினசரி ட்ரீட்மென்ட்டுக்கு வரல. கேட்டுத் தெரிஞ்சுக்க வேண்டியது: கூடுதலா மொத்தம் எத்தனை மில்லி எடுப்பீங்க, தனி ஊசியா இல்ல எடுக்கற ரத்தத்துலயே கொஞ்சமா, மிச்சத்தை எத்தனை வருஷம் வெச்சிருப்பீங்க, ரிசல்ட் எங்களுக்குத் தெரியுமா, செலவு யாரோடது. வேண்டாம்னு சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு, அதனால ட்ரீட்மென்ட்ல எதுவும் குறையாது. நாங்க கையெழுத்துப் போட்டோம், லைன்ல இருந்து எடுக்கறதா மட்டும் இருந்தா சரின்னு எழுதிக் கேட்டு.

11. ரவுண்ட்ஸ்ல ரெண்டு நிமிஷம்தான் கிடைக்கும்

ராத்திரியே நோட்டுல மூணு கேள்வி எழுதி வைங்க. எனக்கு உதவினது இவைதான்: இன்னைக்கு எந்த நம்பரைப் பாத்து நீங்க கவலைப்படறீங்க? அது நாளைக்கு எப்படி இருந்தா நல்லதுன்னு சொல்லுவீங்க? இல்லன்னா அடுத்து என்ன செய்வீங்க? ராத்திரி ரிப்போர்ட் கைக்கு வந்தா போன்ல தேடாதீங்க, டியூட்டி நர்ஸ்கிட்ட "போன தடவை எவ்வளவு"ன்னு கேளுங்க. வீட்டுல ஒருத்தர் மட்டும் டாக்டர்கிட்ட பேசி மத்தவங்களுக்குச் சொல்லட்டும், நாங்க நாலு பேர் நாலு விதமா புரிஞ்சுக்கிட்டு தேவையில்லாம சண்டை போட்டோம்.

நம்பரே பாக்காம நீங்களே கவனிக்கக்கூடியதும் இருக்கு. மருந்து பம்ப் எத்தனை ஓடுது, நேத்தைவிடக் குறைஞ்சுதா, யூரின் பை நிறையுதா, பாதம் சூடா இருக்கா, உங்க குரலுக்குக் கண்ணைத் திருப்பறாளா. டீமும் லேப் பேப்பரோட இதையெல்லாம் சேத்துத்தான் பாக்கறாங்க.

12. டிஸ்சார்ஜ் அன்னைக்கும் அப்புறமும்

வீட்டுக்குப் போற சந்தோஷத்துல பேப்பரை அப்படியே மடிச்சு வெச்சுடாதீங்க, ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டறதுக்கு முன்னாடி பாருங்க. டிஸ்சார்ஜ் சம்மரியில ஆபரேஷனுக்கு முன்னாடி, உச்சத்துல, கிளம்பும்போதுன்னு மூணு கிரியாட்டினின் நம்பரும் இருக்கணும். கடைசி ஹீமோகுளோபின், சிஆர்பி, எடுத்திருந்தா என்டி-ப்ரோபிஎன்பி, அது எந்த லேப்னும். நீர் போற மாத்திரை எழுதியிருந்தா சோடியம், பொட்டாசியம், கிரியாட்டினின் எப்போ திரும்ப எடுக்கணும்னு தேதியோட எழுதி வாங்குங்க. பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு வாரத்துல முதல் செக்கப், அன்னைக்கே இதையும் எடுத்துடலாம், தனி அலைச்சல் மிச்சம்.

கிட்னிக்கு அடி பட்ட குழந்தைன்னா, நம்பர் சரியானாலும் சில மாசம் கழிச்சு ஒரு தடவை கிரியாட்டினின், யூரின் புரோட்டீன், பிரஷர் மூணும் பாக்கச் சொல்றாங்க, கேட்டு எழுதிக்கோங்க. காய்ச்சல்னு வேற எந்த டாக்டர்கிட்ட போனாலும் இதை முதல்லயே சொல்லணும், ஐபுப்ரோஃபென் மாதிரி மருந்து கிட்னிக்கு ஆகாது.

வேகமா மூச்சு வாங்கறது, பால் குடிக்கும்போது வேர்க்கறது, ரெண்டு நாள்ல திடீர்னு எடை ஏறறது, யூரின் குறையறது, நீலம் பாயறது, காயத்துல சீழ், காய்ச்சல்: இதுல எது வந்தாலும் அடுத்த டெஸ்ட் தேதிக்குக் காத்திருக்காம, கடைசி ரிப்போர்ட் நல்லா இருந்துச்சேன்னு தள்ளிப்போடாம, அன்னைக்கே தூக்கிக்கிட்டுப் போங்க. போகும்போது அந்த ஃபைலையும் நோட்டையும் எடுத்துக்கோங்க, எமர்ஜென்சியில இருக்கற டாக்டருக்கு உங்க குழந்தையோட பேஸ்லைன் அதுலதான் இருக்கு.